அமாவாசை லீக்கின் அட்வான்ஸ் விதி

13 பிப்ரவரி 1983, ஞாயிறு, அமாவாசை

இன்று வீரன் தொண்ணூற்று நான்கு ஓட்டம். ஜெயச்சந்திரன் முகம் போன போக்கைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை.

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரியை பவுல்துரை சார் என்னிடம் தள்ளிவிட்டார். வருஷம் பிறந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, பரவாயில்லை. முதலில் லீக் விதிகளை எழுதி வைக்கிறேன். நாளைக்குச் சண்டை வந்தால் காட்ட ஆகும்.

அமாவாசை அன்று ஆரணியில் தறி ஓடாது. எங்களுடையது சர்ச் வீடு என்பதால் ஞாயிறும் ஓடாது. "ரெண்டு சாமிக்கும் லீவு உட்டா நான் எப்படிடா சேலை விக்கிறது?" என்பார் முதலாளி சுப்பராயலு. இந்த மாதம் இரண்டும் ஒரே நாளில் வந்ததில் அவருக்கு ஒரு நாள் லாபம்.

அமாவாசை சாயங்காலம் நாங்கள் நாலு பேர் ரைஸ் மில் ஆபீஸ் அறையில் கூடுவோம். அருணாச்சலம் அங்கே கணக்கெழுதுகிறான், சாவி அவனிடம். பவுல்துரை சார் மிஷன் பள்ளி வாத்தியார். ஜெயச்சந்திரன் முதலாளியின் ஒரே மகன், பி.காம். நான் முதலாளியின் முப்பது தறியில் ஒரு தறி. எட்டாவது வரை நானும் ஜெயச்சந்திரனும் ஒரே பெஞ்சு. ஆளுக்கு ஒரு கிரிக்கெட் அணி, எல்லாம் காகிதத்தில்.

பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. இரண்டு தாயக்கட்டை. விழும் எண்ணிக்கைதான் ஓட்டம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அவுட். ஆட்டக்காரர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்குத்தான் தெரியாது. ஆளின் குணத்துக்கு ஏற்ப ஒரு சலுகையோ குறையோ உண்டு. ரேஷன் கடைக்காரர் எவ்வளவு அடித்தாலும் ஒன்று குறைத்துத்தான் எழுதுவோம். அவர் அளந்து போடுவது அப்படி. காய்கறி விற்கும் காத்தாயி பேரம் பேசினால் ஒரு தடவை கட்டையைத் திருப்பி உருட்டலாம். எங்கள் தெரு போஸ்ட்மேன் வீரனுக்கு முதல் அவுட் செல்லாது. மழையோ நாயோ, அவர் வந்து சேராமல் இருந்ததில்லை என்பதற்காக நாங்களே கொடுத்த மரியாதை. அந்த வீரன் என் அணியில்!

ஒரு சீசனுக்கு ஆறு அமாவாசை. ஒரு சீசனுக்கு ஓர் அணிக்கு ஆயிரம் புள்ளி. பதினோரு பேர் சம்பளமும் அட்வான்ஸும் அதற்குள் அடங்க வேண்டும். இது பவுல்துரை சார் போட்ட விதி. அட்வான்ஸ் விதி நான் எழுதியது. நல்ல கையெழுத்து இருப்பவன் விதி எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது இதுதான்: அணியில் சேரும்போது ஆட்டக்காரனுக்கு அட்வான்ஸ் எழுத வேண்டும். அந்த அட்வான்ஸ் தீராமல் அவன் வேறு அணிக்குப் போக முடியாது. வேண்டும் என்கிற அணி அதைக் கட்டிவிட்டு அழைத்துப் போகலாம்.

மூன்று வருஷமாக இந்த விதியில் ஒருவரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை.

14 பிப்ரவரி

வீரன் ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா தாவீது, செருப்பு அறுந்துகினு கீதா?" என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

26 பிப்ரவரி

ஜெயச்சந்திரன் புள்ளி சேர்க்கிறானாம். வீரனின் அட்வான்ஸ் இருநூறு. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவது அவன் திட்டம். அருணாச்சலம் வாய் சும்மா இருக்குமா, வந்து சொல்லிவிட்டான்.

விடுவேனா? இன்றே கார்டு எழுதி பவுல்துரை சாருக்கு அனுப்பினேன். வீரனுக்கு அட்வான்ஸ் இன்னொரு இருநூறு கூட்டியிருக்கிறேன், மொத்தம் நானூறு. விதியில் கூட்டக்கூடாது என்று எங்கேயும் இல்லை. இனி வீரனைத் தூக்க வேண்டுமானால் பாதி அணியைக் கலைக்க வேண்டும். கார்டை எடுத்துப் போனதும் வீரனேதான். மனதுக்குள் சிரித்துச் சிரித்து ஊடை நூல் இரண்டு தடவை அறுந்தது.

என் சம்சாரம் ரோஸி கேட்டாள், "தறில ஒக்காந்துகினு இன்னா சிரிப்பு?" சொன்னேன். "முப்பது வயசாவுது உங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் அவள் கருத்து.

14 மார்ச், அமாவாசை

பெரிய சண்டை. ஆட்டமே நடக்கவில்லை.

ஜெயச்சந்திரன் ஒரு புது விதி எழுதிக்கொண்டு வந்தான். ஒப்பந்தம் மூன்று சீசன். அது முடிந்தால் அட்வான்ஸும் முடிந்தது. ஆட்டக்காரன் யார் அணிக்கும் போகலாம்.

"ஒரு வாட்டி கையெழுத்து போட்டவன் சாவற வரைக்கும் அங்கியே கெடக்கணுமாடா? அவன் தலைல அட்வான்ஸ ஏத்திகினே போனா எப்பதான் எறக்கி வெப்பான்?" என்றான்.

நான் விட்டேனா? "கஷ்டத்துக்கு அட்வான்ஸ் குடுத்தவன் யாரு? நானு. வீரன ஆளாக்கினது யாரு? நானு. வளத்து உட்டப்புறம் நீ நோவாம கூட்டிகினு போவியா? வேணும்னா கட்டிட்டு கூட்டிகினு போ!"

"அவனே சம்பாரிச்சி கட்ட முடியாதுடா. சம்பளம் சாப்பாட்டுக்கே சரியாப்பூடும்."

"அது அவன் பேஜார்."

பவுல்துரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் எடம் மாறி ஒக்காந்து பேசறீங்கப்பா" என்றார். அது எனக்கு விளங்கவில்லை. நான் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டெடுப்பு: ஜெயச்சந்திரனும் சாரும் புது விதிக்கு, நானும் அருணாச்சலமும் பழைய விதிக்கு. சரிசமம் என்றால் பழையதுதான் நிற்கும். நின்றது.

19 மார்ச்

ஜெயச்சந்திரன் சேலை வாங்க வந்தான். அமாவாசையில் அவன் "டேய்", மற்ற நாளில் "சின்ன முதலாளி". இந்த வித்தியாசத்தில் இதுவரை நாக்கு தவறியதில்லை. நான் நெய்ததைத் தராசில் வைத்து நிறுத்தான், ஓரத்தில் ஒரு பிசிறு காட்டினான், கூலி கொடுத்தான். வீரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

21 ஏப்ரல்

ரோஸிக்கு வேலை வந்துவிட்டது! ட்ரெயினிங் முடித்து நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு, தேசூரில் மிஷன் பள்ளிக்கூடம். ஜூனில் சேர வேண்டும். உத்தரவைப் பிரித்துப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். நானும் அழுதேன். மகள் அமலிக்கு இரண்டு வயது, எதற்கென்று தெரியாமல் அவளும் அழுதாள்.

பிறகுதான் தேசூர் என்பது உறைத்தது. ஒரு பஸ் மாறி இரண்டரை மணி நேரம். தினமும் போய் வருகிற தூரம் இல்லை.

"நீங்களும் வந்துடுங்க. தறிய அங்க போட்டுக்கலாம்" என்றாள் ரோஸி. தறி என்ன பெட்டியா, தூக்கிக்கொண்டு போக? போகலாம்தான். முதலாளி விட வேண்டும்.

16 மே

முதலாளியிடம் போனேன். நல்ல மரியாதையாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். தேசூரில் தறி போட்டுக்கொள்கிறேன், பாவு நூலும் பட்டும் அங்கே கொடுத்தால் நெய்து மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன்.

"கண்ணு பாக்காத எடத்துல பட்டு குடுத்து பழக்கமில்ல தாவீது. உன்ன நம்பலன்னு இல்ல. ஒருத்தனுக்கு உட்டா முப்பது பேரும் கெளம்பிடுவான். போறதுன்னா அட்வான்ஸ கட்டிட்டு போ, நான் தடுக்கல."

என் அட்வான்ஸ் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. அப்பா தவறியபோது கூடியது, கல்யாணத்துக்குக் கூடியது, அமலி பிறந்தபோது கூடியது. கூலியில் அதற்குப் பிடித்தம் கிடையாது. அப்படியே நிற்கும், ஆள் போகும்போதுதான் கேட்பார்கள். ஊர் வழக்கம்.

எழுந்தேன். "இரு" என்று கல்லாவைத் திறந்து ஐந்நூறு எடுத்தார். "சம்சாரம் வெளியூர் போவுது. பொட்டி, ஸ்டவ்வுன்னு செலவு கீது. வெச்சிக்கோ." நான் கேட்கவே இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ரொம்ப நன்றி முதலாளி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

17 மே

வேலை ஓடவில்லை.

நான் வாங்கிய ஐந்நூறும் அட்வான்ஸில் ஏறியது. ஏறும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் ஏன் கொடுத்தார் என்பது இன்று காலை தறியில் கால் வைத்தபோதுதான் மண்டையில் ஏறியது. நான் கிளம்பிவிடுவேன் என்று பயந்து கொடுத்திருக்கிறார். நான் வீரனுக்குச் செய்தேனே, ஜெயச்சந்திரன் தூக்கிவிடுவான் என்று இருநூறை நானூறாக்கினேனே. அதே கணக்கு. அதே சிரிப்பு அவரும் சிரித்திருப்பாரோ?

இந்த விதியை எழுதியது நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் என்றால் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அதையே எழுதினேன். இன்னா மனுஷன்டா நீ தாவீது!

ரோஸியிடம் சொல்லவில்லை. ஸ்டவ் வாங்கி வந்து வைத்தேன். நல்ல ஸ்டவ் என்றாள்.

5 ஜூன், ஞாயிறு

தேசூரில் விட்டுவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஜன்னலில் புங்க மரம். அமலி பஸ் வரைக்கும் வந்தாள். ரோஸி அவளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் ஏறுவது தெரியாமல் இருக்க. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை.

11 ஜூன், அமாவாசை

மறு ஓட்டெடுப்பு வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ஜெயச்சந்திரன் விதிக்கு நான் கை தூக்கினேன். அருணாச்சலம் வாயைப் பிளந்தான். "மூன்று சீசன், பிறகு ஆட்டக்காரன் சுதந்திரம், அட்வான்ஸ் செல்லாது" என்று பவுல்துரை சார் சிவப்பு மையில் எழுதினார். வீரன் என்னிடம் சேர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கே என் கையை விட்டுப் போனார்.

ஜெயச்சந்திரன் என் தோளைத் தட்டினான். "இப்பதான்டா நீ மனுஷன்" என்றான். பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

"எனக்கு எத்தினி சீசன்டா ஜெயா?"

"இன்னாது?"

"உங்கப்பாகிட்ட பன்னெண்டு வருஷமா கீறேன். எனக்கு எப்ப முடியும்?"

"அது வேற, இது ஆட்டம்" என்றான் மெதுவாக. தாயக்கட்டையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

26 ஜூன்

நேற்று ராத்திரி லண்டனில் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டதாம். பஸ் ஸ்டாண்டில் வெடி. ரேடியோ கேட்டவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். தேசூரிலிருந்து வந்து இறங்கிய எனக்கும் ஒன்று கிடைத்தது.

10 ஜூலை, அமாவாசை

ஜெயச்சந்திரன் வரவில்லை. மூன்று பேர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

13 ஜூலை

அருணாச்சலம் வீரனிடமே எல்லாவற்றையும் உளறிவிட்டான். காலையில் வந்தார், பையை இறக்கி வைத்தார்.

"நான் உங்கிட்ட ஆடிகினு இருந்தனாமே?"

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆமாம் என்றேன். எத்தனை அடித்திருக்கிறேன் என்றார். சொன்னேன். "அவ்ளோவா!" என்று முகம் மலர்ந்துவிட்டது. சம்பளம் எவ்வளவு என்றார். தொண்ணூறு புள்ளி என்றேன். அது குறைச்சல் என்று அவருக்கே பட்டது.

"இப்ப யாருகிட்ட கீறேன்?"

"இப்ப யாருகிட்டயும் இல்லீங்க. ஒப்பந்தம் முடிஞ்சிபோச்சி."

"அப்ப அடுத்த வாட்டி சம்பளம் பேசறப்ப என்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு பேசுங்கப்பா" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். கோபம் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார்.

2 செப்டம்பர்

ஜெயச்சந்திரன் சேலை வாங்க வந்தான். நிறுத்து முடித்தும் போகவில்லை. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தான். சாதாரண நாளில் அவன் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"உன் விஷயமா அப்பாகிட்ட பேசனேன். முடியாதுன்னுட்டார்."

நான் தறியிலிருந்து காலை எடுத்தேன்.

"நீ நெனைக்கிற, நான் மொதலாளி வூட்டு புள்ள, எனக்கு இன்னா தெரியும்னு. எனக்கு சம்பளமே கெடையாது தாவீது. டிகிரி முடிச்சி ஒம்போது வருஷமா கடைல கீறேன். ஒரு சொக்கா எடுக்கணும்னாலும் எங்கம்மா போயி கேக்கணும். சம்பளம்னு பேச்செடுத்தா, 'எல்லாம் ஒனக்குத்தானேடா'ன்றார். பேங்க் பரீட்சைக்கு பணம் கட்டனது தெரிஞ்சி ரெண்டு நாள் சாப்பிடல அவரு."

மூன்று சீசன் விதியை வீரனுக்காகத்தான் எழுதினான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவன் தனக்காக எழுதியிருக்கிறான். வருத்தமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அவனிடமும் சொன்னேன், அவனும் சிரித்தான். காபி போட்டுக் கொடுத்தேன். ரோஸி இல்லாத வீட்டுக் காபி, பாதி குடித்தான்.

அப்போதுதான் ஒரு வழி பேசினோம். வருஷம், சீசன் என்றெல்லாம் முதலாளியிடம் பேசினால் எடுபடாது. அவருக்குப் புரிந்த அளவு பாவுதான், தறியில் ஒரு தடவை ஏற்றும் நீள நூல், ஒன்றில் மூன்று சேலை. இத்தனை பாவு நெய்து கொடுக்கிறேன், ஒவ்வொரு கூலியிலும் பாதி பிடித்துக்கொள்ளுங்கள், கடைசிப் பாவு அறுத்த அன்று என் அட்வான்ஸ் தீர்ந்தது என்று கேட்பது. அவன் கணக்குப் போட்டான். எட்டுப் பாவு வந்தது.

9 செப்டம்பர்

முதலாளி ஒப்புக்கொண்டார்! ஜெயச்சந்திரனும் நானும் சேர்ந்து போய் நின்றதில் அவருக்கு முதலில் கோபம். பிறகு யோசித்தார். பிறகு சிரித்தார்.

"பாதி கூலில ஒருத்தன் எட்டு பாவு நெய்வானா? சரி, எழுதிக்கோ. நடுவுல ஒரு ரூபா அட்வான்ஸ்னு வந்து நின்னா இந்த பேச்சு செல்லாது. மறுபடி பழைய வழக்கம்தான்." வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தீபாவளிக்குள்ள நீயே வந்து நிப்ப பாரு" என்றார்.

ரோஸி சம்பளம் இருக்கிறது, இங்கே இரண்டு வாய் குறைச்சல். முடியுமா? முடியும் என்றுதான் எழுதுகிறேன்.

6 அக்டோபர், அமாவாசை

நாலு பேரும் கூடினோம். புது விதிப்படி வீரனுக்கு ஏலம். வீரனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் சொன்னதால் அவரே வந்து மில் வாசலில் நின்றிருந்தார். அருணாச்சலம் அறுநூறு என்றான். "அவங்கிட்டயே போறேன்" என்றார் வீரன், பெருமையாக.

மிச்ச நானூறில் பத்துப் பேருக்குச் சம்பளம் போட வேண்டும் அருணாச்சலத்துக்கு. ரேஷன் கடைக்காரர் மாதிரி ஆட்களே கிடைத்தார்கள். ஆட்டத்தில் வீரனுக்கு முதல் உருட்டில் வெறுமை, செல்லாது. அடுத்த உருட்டில் மறுபடி வெறுமை. அறுநூறு புள்ளி வாங்கி முட்டை. அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் பாவம்.

4 நவம்பர், தீபாவளி

போகவில்லை முதலாளி வீட்டுக்கு.

24 டிசம்பர்

முதலாளி கடை ஆள் வந்தான். கிறிஸ்துமஸுக்கு இருநூறு கொடுத்தனுப்பியிருந்தார். இனாமா, அட்வான்ஸா என்று கேட்டேன். "அத்த மொதலாளி சொல்லல" என்றான். கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். அவன் திரும்பி வரவே இல்லை.

தேசூருக்கு ஒரு கேக்கோடு போகிறேன். அமலிக்குப் போன வருஷ கவுனை ரோஸி கீழே துணி வைத்து நீட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கும்.

3 ஜனவரி 1984, அமாவாசை

புது டைரி வாங்கவில்லை. இதிலேயே காலியாக இருக்கிற பக்கங்களில் எழுதுகிறேன்.

ஜெயச்சந்திரனுக்குச் சம்பளம் போட்டுவிட்டார் அவன் அப்பா. பேங்க் பரீட்சைக்கு மெட்ராஸ் போகிறேன் என்று பெட்டி கட்டினானாம், அவ்வளவுதான். மாதம் இருநூறு. அதில் ஐம்பது சாப்பாட்டுக்குப் பிடித்தம்! கடை ஆட்களுக்குப் பிடிக்கிற மாதிரியே. "சொந்த வூட்ல சாப்பிடறதுக்குடா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டான். பவுல்துரை சார் அவனுக்கு ஒரு டீ சொன்னார்.

நான்காவது பாவு ஓடுகிறது.

18 பிப்ரவரி

அமலிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். தேசூர் டாக்டர் வந்தவாசி பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார். ரோஸிக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இது சகஜமாம். அவள் அழவில்லை. "எப்படியாவது பணம் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆரணிக்கு வந்து இறங்கி நேராக முதலாளி கடைக்குப் போனேன். எட்டாவது பாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். குழந்தையைவிடவா? கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன்.

"வா தாவீது. இன்னா வேணும்?" என்றார். அவ்வளவு அன்பாகக் கேட்டார். கல்லாப்பெட்டியின் மேல் கை தயாராக இருந்தது. அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"பட்டு தீந்துபோச்சி மொதலாளி" என்றேன். தீரவில்லை. கொடுத்த பட்டை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். நான் செய்தது சரியா? குழந்தை அங்கே கிடக்கிறது, நான் இங்கே வீம்பு பிடிக்கிறேன். தெரியவில்லை.

சைக்கிளை விற்றேன். அருணாச்சலம்தான் மில்லில் ஆள் பிடித்துக் கொடுத்தான். ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

23 பிப்ரவரி

டைபாய்டு இல்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

1 ஏப்ரல், அமாவாசை

பவுல்துரை சார் இந்த சீசன் கோப்பையை வாங்கினார். எல்லாம் காத்தாயி பேரம் பேசியே. வீரன் மறுபடியும் முட்டை. அருணாச்சலம் அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போகிறானாம்.

12 ஜூன்

ஏழாவது பாவு. ரங்கம்மாள் அக்கா ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிறாள், பக்கத்து வீடு. காசு வாங்க மாட்டேன் என்கிறாள். "உன் பாவு தீரறத தெருவே எண்ணிகினு கீது" என்றாள். உண்மைதான். கடைத்தெருவில் முகம் தெரியாத நெசவாளிகள்கூட "இன்னும் எத்தினி?" என்கிறார்கள். பயமாக இருக்கிறது. நடுவில் தோற்றால் எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

17 ஆகஸ்ட், வெள்ளி

அறுத்தேன்.

எட்டாவது பாவு, கடைசிச் சேலை. மாம்பழ நிறம், சிவப்புக் கரை. ஜெயச்சந்திரனோடு முதலாளியே வந்தார். என் வீட்டுக்குள் அவர் வந்தது அப்பா செத்த அன்றைக்கு, அதற்குப் பிறகு இன்று. சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிசிறு இல்லை. தேடித்தான் பார்த்தார்.

ஜெயச்சந்திரன் கணக்கைப் படித்தான். பாக்கி இல்லை என்றான். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் அப்பா கேட்டதில்லை.

முதலாளி உடனே எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இனிமே யாருக்கு நெய்யப் போற?"

"இன்னும் பேசல மொதலாளி. தேசூர்ல பச்சையம்மாள்னு ஒரு அம்மா ஆறு தறி வெச்சிகினு கீறாங்க. வரச் சொன்னாங்க."

"அந்தம்மா இன்னா கூலி தரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "எனக்கு நெய்வியா?" என்றார்.

கேட்டார். பதின்மூன்று வருஷத்தில் இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை, சேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தேசூர்லன்னா நெய்யறேன். ரெண்டு பாவு. அப்புறம் மறுபடி பேசிக்கலாம். அட்வான்ஸ் வாணாம்."

"பட்டு?"

"மாசம் ஒரு வாட்டி ஆள அனுப்பி நெறுத்து பாத்துக்கோங்க."

முதலாளி மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான். "பஸ் சார்ஜ் யாரு குடுக்கறது?" என்றார் முதலாளி. அது சம்மதம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

26 ஆகஸ்ட், ஞாயிறு, அமாவாசை — தேசூர்

தறி வெள்ளிக்கிழமை லாரியில் வந்துவிட்டது. நாளைக்குக் குழி வெட்ட வேண்டும். இன்று ஆட்டத்துக்குப் போகவில்லை. என் அணியை அருணாச்சலம் உருட்டுகிறான். என்ன ஆனதோ.

சர்ச் முடிந்து சாப்பிட்டுப் படுத்தேன். சாயங்காலம் ஐந்து மணி பஸ் ஹாரன் கேட்டது. அமலி எழுந்து போய் என் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து கதவு ஓரம் வைத்தாள். ஞாயிறு சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் செய்கிற வேலை அது. செருப்பையும் கொண்டுவந்து வைத்தாள், வலது இடது மாற்றி.

"இன்னிக்கி அப்பா போவலம்மா" என்றேன்.

தலையாட்டினாள். பையை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். மறுபடி இழுத்துக்கொண்டு வந்து கதவு ஓரம் வைத்துவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அழவில்லை, பழகிவிட்டது குழந்தைக்கு. ரோஸிதான் அந்தப் பையை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கொடியில் போட்டாள். அமலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.